இறங்கிப் பார்க்க ஏலாதா, மகன்?



மௌலவி ஆசிரியராக நான் நியமனம் பெற்று 17 வருடங்கள் ஆகின்றன. பாடசாலைச் சுற்றுலா என்று வந்தால் பொறுப்பாசிரியர் பட்டியலில் என் பெயரும் தவறாமல் இருக்கும். அநுராதபுரம், திருகோணமலை, ஹோர்ட்டன் சமவெளி என்று நாட்டின் பாதியை மாணவர்களுடன் பஸ்ஸில் போய்ப் பார்த்து முடித்துவிட்டேன். பூமியில் பிரயாணம் செய்து பாருங்கள் என்று அல்குர்ஆன் மனிதனை அழைப்பது பற்றி ஜும்ஆவில் பேசியிருக்கிறேன். பெண்களுக்கான பயான்களிலும் பேசியிருக்கிறேன். பேசி முடித்து வீடு வந்து, மனைவி ஊற்றித் தந்த தேநீரைக் குடித்திருக்கிறேன். அவள் இதுவரை எதைப் பார்த்திருக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் பதில் சின்னதாகத்தான் இருந்திருக்கும். தாய் வீடு, கேகாலை ஆஸ்பத்திரி, பெருநாள் உடுப்பு எடுக்கக் கண்டி, கலியாண வீடு, மையித்து வீடு. அவ்வளவுதான்.

உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் மூத்த மகள்தான் பிரச்சினையைத் தொடக்கி வைத்தாள். ஒரு நாள் இரவு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "வாப்பா, இந்த பெலிலென குகை எங்கட கேகாலை மாவட்டத்துலதானே ஈக்கி? ஒரு நாளைக்குப் போவமா?" என்று கேட்டாள்.

"அது காட்டுப்பாதை, மகள். அட்டை கடிக்கும். பொம்புளப் புள்ளைகளுக்கு அங்க என்ன வேலை?" என்றேன்.

"சோதனையில அதப் பத்தி எழுத ஏலுமாம். போய்ப் பாக்க மட்டும் ஏலாதாம்" என்று முணுமுணுத்துக்கொண்டு புத்தகத்தை மூடினாள்.

அந்த 'ஏலாதா' என்ற சொல் என்னை எங்கேயோ கொண்டுபோய் விட்டது.

2007ஆம் ஆண்டு நுவரெலியாவில் ஒரு கலியாணம். கண்டி, கம்பளை, புஸ்ஸல்லாவை வழியாக வேனில் போனோம். றம்பொடையில் பாதையோரத்திலேயே நீர்வீழ்ச்சி. யன்னலோரம் இருந்த என் உம்மா, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "மகன், கொஞ்சம் இறங்கிப் பார்க்க ஏலாதா?" என்று கேட்டார். நிக்காஹ்வுக்கு நேரமாகிறது என்ற அவசரம் எனக்கு. "திரும்பி வரக்குள்ள பார்ப்போம் உம்மா" என்றேன். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. வேன் அந்த வளைவைக் கடக்கும்போது தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. 2009இல் அவர் வபாத்தானார். அதற்குப் பிறகு அந்தப் பாதையால் எத்தனையோ தடவை போய்விட்டேன்.

சென்ற வருடம் ஏப்ரல் விடுமுறையில், சிங்களப் புத்தாண்டு முடிந்த மறுவாரம், நான், மனைவி, மகள், 12 வயது மகன் ஆகிய நால்வரும் கித்துல்கலைக்குப் புறப்பட்டோம். மூன்று நாள் பிரயாணம். என்னோடு படிப்பிக்கும் சிங்கள ஆசிரியர் ஒருவர் தங்குவதற்கு ஒரு வீட்டையும், காட்டுக்குள் கூட்டிச்செல்ல ஒரு வழிகாட்டியையும் ஒழுங்கு செய்து தந்திருந்தார்.

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய, கரவனெல்ல, யட்டியாந்தோட்டை என்று பாதை போகப் போக இரண்டு பக்கமும் இறப்பர் தோட்டங்களும் மலைகளும் நெருங்கி வருகின்றன. கித்துல்கலையில் களனி கங்கை பாறைகளுக்கிடையே நுரை தள்ளிக்கொண்டு ஓடுகிறது. கொழும்பு மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்துதான் போகிறது. 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலப் படத்தை இந்த ஆற்றங்கரையில்தான் எடுத்தார்கள். இப்போது றப்பர் படகுகளில் தலைக்கவசம் அணிந்த இளைஞர்கள் கூச்சலிட்டபடி போகிறார்கள்.

வழிகாட்டி முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு சகோதரர். கித்துள் மரம் சீவிப் பாணி காய்ச்சுவது அவருடைய தொழில். விடுமுறைக் காலத்தில் இந்த வேலை. என்னை 'சேர்' என்றும், என் மனைவியை 'அக்கா' என்றும் அழைத்தார். சிங்களத்திலும் தமிழிலும் அக்கா அக்காதான். அவர் முதலில் சொன்னது இதுதான்: "சேர், காட்டுக்குள்ள நான் 'வாங்க' என்றால் உடனே வந்துவிட வேண்டும். ஏன் என்று பிறகு கேட்கலாம்." தலையை ஆட்டினேன்.

அன்று மாலை வெயில் சாயும் நேரம் ஆற்றங்கரைக்குப் போனோம். மகனும் மகளும் கல்லுக்குக் கல் தாவினார்கள். நான் ஒரு பாறையில் உட்கார்ந்து, அல்லாஹ்வின் படைப்பின் அழகில் மெய்மறந்து போயிருந்தேன். அப்போது வழிகாட்டி கேட்டார்: "அக்கா ஆறு பார்க்க வரவில்லையா?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை.

ஹலாலான சாப்பாடு கிடைக்குமோ என்ற பயத்தில், வீட்டிலிருந்து கேஸ் அடுப்பு, அரிசி, பருப்பு, கறித்தூள், நெத்தலிக் கருவாடு என்று ஒரு சமையலறையையே வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். அவள் அந்த வீட்டின் பின்பக்கத்தில், புகை படிந்த சுவரைப் பார்த்தபடி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டுக்கொண்டு வருவதற்குள் இருட்டிவிட்டது. கரையில் நின்று, "நல்ல சத்தமா ஈக்கி" என்றாள்.

றம்பொடை வளைவில் உம்மா கேட்டதும் அந்தச் சத்தத்தைத்தான்.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியைப் பிரயாணம் கூட்டி வந்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் நான் கூட்டி வந்தது அடுப்பை. அடுப்போடு சேர்ந்து அவளும் வந்திருந்தாள். வழிகாட்டியின் வீட்டுக்குப் போய், அடுத்த இரண்டு நாளும் எங்களுக்கு மரக்கறிச் சாப்பாடு செய்து தர முடியுமா என்று கேட்டேன். அவருடைய மனைவி சிரித்துக்கொண்டே சம்மதித்தார். புத்தாண்டுக்குச் சுட்ட கொக்கிஸ் ஒரு தட்டு நிறையக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் சோறு, பருப்பு, பொலொஸ் கறி, தேங்காய்ச் சம்பல் எல்லாம் வாழையிலைப் பொதிகளாக வந்தன. கேஸ் அடுப்பை வேனின் பின்னால் தள்ளி வைத்தேன். இத்தனை காலம் மலைபோல் நினைத்திருந்த ஒரு பிரச்சினை நான்கு சோற்றுப் பொதிகளில் முடிந்துவிட்டது.

இரண்டாம் நாள் படகில் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனோம். மகந்தாவ காடு அங்கேதான் தொடங்குகிறது. நாட்டில் மழை அதிகம் விழும் ஈரக் காடுகளில் அதுவும் ஒன்று. போவதற்கு முன் கணுக்கால் வரை எல்லோரும் சவர்க்காரம் பூசிக்கொண்டோம். கையில் உப்பு முடிச்சு. அபாயா கல்லில் தடக்கும் என்பதால் மனைவியும் மகளும் தளர்வான காற்சட்டையும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீண்ட மேற்சட்டையும் வீட்டிலேயே தைத்து வந்திருந்தார்கள். மறைக்க வேண்டியது மறைந்திருந்தது. நடக்க வேண்டிய கால் நடந்தது. இதை நான் யோசிக்கவில்லை, அவர்கள் யோசித்திருந்தார்கள்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஏறினோம். ஒரு ஓடையைக் கல்லுக்குக் கல் தாண்டி அக்கரைக்குப் போனால், திடீரென்று மரங்கள் விலகி நீர்வீழ்ச்சி தெரிந்தது. ஏழெட்டு ஆள் உயரம் இருக்கும். பெயர் கேட்டேன். "நாங்கள் 'எல்ல' என்றுதான் சொல்வோம், சேர். வேறு பெயர் தெரியாது" என்றார் வழிகாட்டி.

மனைவி செருப்பைக் கழற்றி, ஒரு தட்டையான கல்லில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை வைத்தாள். அரை மணித்தியாலம் பேசவில்லை. எனக்கு யோசனையாகிவிட்டது. பக்கத்தில் போய், "என்ன யோசிக்கிற?" என்று கேட்டேன்.

"ஒண்டும் யோசிக்கல்ல. அதுதான் நல்லா ஈக்கி" என்றாள்.

20 வருடக் குடும்ப வாழ்க்கையில், ஒன்றையும் யோசிக்காமல் அவள் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் நான் முதன்முதலாகக் கண்டேன்.

அந்தப் பாறையிலேயே ளுஹரைத் தொழுதோம். சாப்பிட்டோம். மூன்று மணி கடந்திருக்கும். எங்கள் தலைக்கு மேல் வெயில். மேலே மலைப்பக்கம் மட்டும் வானம் கறுத்து, தூரத்தில் இடி உறுமியது. வழிகாட்டி தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "வாங்க சேர்" என்றார்.

"இன்னும் பத்து நிமிஷத்தில் அஸருடைய நேரம். தொழுதுவிட்டே போவோம். வழியில் இப்படி இடம் கிடைக்காது" என்றேன்.

"இப்பவே, சேர்."

எனக்குச் சிறிது கோபம் வந்தது. தொழுகை விடயத்தில் இன்னொருவர் அவசரப்படுத்துவதா என்ற எண்ணம். மழையே இல்லையே என்று வாதாடவும் தொடங்கினேன். அதற்குள் மனைவி எழும்பிச் செருப்பைப் போட்டுவிட்டாள். "அஸருக்கு ஆறு மணி வரைக்கும் நேரம் ஈக்கி. ஆத்துக்கு அப்படி நேரம் ஈக்கோ தெரியாது. முதல்ல வாங்க" என்றாள்.

ஒரு மௌலவிக்கு மனைவி மார்க்கம் சொன்னாள். சரியாகச் சொன்னாள்.

ஓடையை நாங்கள் திரும்பிக் கடக்கும்போது காலையில் கணுக்கால் அளவிருந்த தண்ணீர் முழங்காலை எட்டியிருந்தது. நிறமும் கலங்கல். காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. வழிகாட்டி மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மற்றக் கையால் மகளைப் பிடித்த கம்போடு இழுத்துக் கரைசேர்த்தார். நான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். மேட்டில் ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது சத்தம் மாறியது. பெரிய லொறியொன்று இறக்கத்தில் வருவது போல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் கடந்து வந்த கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சற்று நேரத்தில் செம்மண் நிறத்தில் வெள்ளம் போனது. எங்கள் பக்கத்தில் ஒரு துளி மழையும் விழவில்லை.

மலையில் பெய்யும் மழை இப்படித்தான் கீழே வருமாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் காலை வெயிலும் பின்னேர இடி மழையும் இந்தப் பக்கத்தில் வழமை. இலை மிதந்து வருவதும், தெளிந்த தண்ணீர் கலங்குவதும், சத்தம் மாறுவதும்தான் அடையாளம். "இலையைக் கண்டேன், சேர். அதுதான் கூப்பிட்டேன்" என்றார் வழிகாட்டி. நான் கோபப்பட்டதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூவர் பிரயாணம் போனால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதை வருடா வருடம் வகுப்பில் படிப்பிக்கிறேன். காட்டில் தலைவர் யார் என்பது மட்டும் எனக்குப் புரிந்திருக்கவில்லை. அந்த மேட்டிலேயே நாங்கள் அஸரைத் தொழுதோம். முடியும்வரை அவர் எங்கள் பைகளுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார்.

அன்றிரவு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது காட்டுப் பக்கம் ஏதோ ஒரு பறவையின் குரல் கேட்டது. இந்தப் பகுதியில் அபூர்வமான ஓர் ஆந்தை இருக்கிறது என்றார் வழிகாட்டி. 1995இல் கித்துல்கலைக் காட்டில் அதன் குரலை முதலில் கேட்டார்களாம். அது என்ன பறவை என்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணால் கண்டது 2001இல், சிங்கராஜ வனத்தில். 2004இல்தான் அது புதிய இனமென்று உலகுக்கு அறிவித்தார்கள். செரண்டிப் ஆந்தை என்று பெயர். அன்று எங்களுக்குக் கேட்டது அதுதானா என்று அவரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஸரந்தீப் என்பது அறபு மக்கள் நம் நாட்டுக்கு வைத்த பெயரென்று நான் என் பங்குக்குச் சொன்னேன். "ஆறு வருஷம் சத்தத்த மட்டுமா கேட்டாங்க?" என்றாள் மனைவி.

மூன்றாம் நாள் பெலிலென. கித்துல்கலை நகரிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர். முச்சக்கர வண்டி ஏறக்கூடிய தூரம் வரை ஏறி, மிச்சத்தை நடந்தோம். பிரமாண்டமான ஒரு பாறை முன்னால் நீட்டிக்கொண்டு கூரை போல் நிற்கிறது. அந்தக் கூரையின் விளிம்பிலிருந்து, குகை வாசலுக்கு நேரே தண்ணீர் விழுகிறது. முதல்நாள் மழையில் அது நன்றாகவே பெருகியிருந்தது. உள்ளே போய் நின்றால் தண்ணீருக்குப் பின்னால் நிற்கிறோம். மெல்லிய திரையொன்றுக்குள் இருந்து பார்ப்பது போல வெளியே காடு அசைகிறது.

இங்கே வழிகாட்டி ஒதுங்கிக்கொண்டார். என் மகள் முன்னுக்கு வந்தாள். 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் தொல்லியல் அறிஞர் சிரான் தெரணியகல இங்கே அகழ்வு செய்ததையும், பலாங்கொடை மனிதன் என்று நாம் அழைக்கும் ஆதி மனிதனின் எலும்புகள் கிடைத்ததையும், விரல் நகமளவு சிறிய கற்கருவிகளை அவர்கள் செய்திருந்ததையும் ஒரு ஆசிரியையைப் போல விளக்கினாள். மனிதர் இங்கே வாழ்ந்து 30,000 ஆண்டுகள் இருக்குமாம். நத்தையும் குரங்கும் காட்டுக் கொட்டைகளும் அவர்களுடைய உணவு. கடற்கரையிலிருந்து உப்புக் கொண்டுவந்ததற்கும் தடயம் உண்டென்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கடல் எங்கே, இந்த மலை எங்கே! நாட்கணக்காக நடந்து யாரோ உப்புச் சுமந்து வந்திருக்கிறார்கள். எங்கள் கையிலும் ஒரு உப்பு முடிச்சு இருந்தது, அட்டைக்கு.

"அடுப்பு மூட்டின சாம்பலும் கிடைச்சதாம் உம்மா" என்றாள் மகள்.

மனைவி குகையின் தரையைப் பார்த்தாள். பிறகு வாசலில் விழும் தண்ணீரைப் பார்த்தாள். "அப்ப இங்கயும் ஒருத்தி சமைச்சிருக்கா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பரவாயில்ல. அவ இதப் பாத்துக்கொண்டுதானே சமைச்சிருப்பா" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

குகைக்குள் அகப்பட்ட மூவரின் சம்பவத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸ். பாறை வந்து வாசலை அடைத்தபோது, ஒவ்வொருவரும் தாம் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிப் பிரார்த்திக்கிறார்கள். அவர்களில் ஒருவர், வயோதிபப் பெற்றோர் விழிக்கும்வரை பால் பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி விடியும்வரை காத்து நின்றவர். இந்தச் சம்பவத்தை எத்தனை மேடைகளில் சொல்லியிருப்பேன்! அந்தக் குகையில் நின்றபோது, எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒரு வேனைப் பத்து நிமிடம் நிறுத்தியிருந்தால் போதும்.

அதை அன்றுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் அந்த வேனில் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவள்தான். "எனக்கு ஞாபகம் ஈக்கி. மாமி அண்டைக்கு இரவு எனக்கிட்டச் சொன்ன, 'அவனுக்கு நேரமில்ல, நீ சரி ஒரு நாளைக்குப் பாரு' எண்டு" என்றாள். இத்தனை வருடமாக அதை அவள் என்னிடம் சொல்லவில்லை.

சகோதரிகளே, போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். கித்துல்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மழை சற்றுக் குறைவு. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஊர் தெரிந்த வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் இறங்க வேண்டாம். பின்னேரமாகும் முன் தண்ணீரை விட்டு வெளியேறிவிடுங்கள். சவர்க்காரமும் உப்பும், வழுக்காத செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வேறு வழியில்லாமல் எடுத்துப் போனால், முதல் நேரச் சமையல் வாப்பாமாருடையது என்று புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

நாங்கள் திரும்பி வந்த மறுவாரம், மாமியார் வீட்டிலிருந்து அவரையும் ஏற்றிக்கொண்டு றம்பொடைக்குப் போனோம். அந்த வளைவில் வேனை நிறுத்தச் சொன்னேன். 74 வயது அவருக்கு. இரண்டு பக்கமும் மகளும் பேத்தியும் பிடித்துக்கொள்ள மெதுவாக இறங்கினார். நானும் இறங்கி நின்றேன். யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் மூடி வைத்துவிடாதீர்கள். உங்கள் கணவர்மாரின், ஆண்மக்களின் கண்ணில் படும் இடத்தில் விரித்து வையுங்கள். அல்லாஹ் என் உம்மாவுக்கு ரஹ்மத் செய்வானாக. ஆமீன்.